ஒப்பந்தம் இல்லாத கூலி

வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் தோட்டக்காணியை விட்டு இடம்பெயர்ந்த கமக்காரருக்குக் கைக்கு எட்டும் தொழில் பெரும்பாலும் கூலிவேலைதான். சீனாவில் கோடிக்கணக்கான கமக்காரரும் கிராமத்தை விட்டு ஆலைக்குப் போனார்கள். அவர்களைப் பெயர்த்தது யுத்தமல்ல, 1978இன் பின் வந்த பொருளாதார மாற்றம்.

அதற்கு முன் அரச ஆலைத் தொழிலாளிக்கு வேலை ஆயுளுக்கும் நிச்சயம். வீடு, வைத்தியம், ஓய்வூதியம் யாவும் ஆலையின் பொறுப்பு. ‘இரும்புச் சோற்றுக் கிண்ணம்’ என்று அதைச் சொல்வார்கள். 1986 முதல் புதிதாகச் சேர்ந்தோருக்கு ஒப்பந்த வேலையே கிடைத்தது. கிராமத்தாருக்கோ பெரும்பாலும் அந்த ஒப்பந்தமும் இல்லை. 1958இன் குடிப்பதிவு விதிப்படி, நகரத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும் அவர்கள் பதிவில் கமக்காரரே. தொழிலாளர் வர்க்கமே தலைமை தாங்குகிறது என்று அரசியலமைப்பில் எழுதிய நாட்டில் இந்த நிலை!

1993 நவம்பரில் சென்சென் நகரப் பொம்மை ஆலையொன்றில் தீப்பிடித்தது. கதவுகள் பூட்டியிருந்தன. மாண்டவர் 87 பேர். பெரும்பாலோர் கிராமத்து இளம் பெண்கள்.

மறு ஆண்டு தொழிற்சட்டம் நிறைவேறியது. எழுத்து ஒப்பந்தமும் நாளுக்கு 8 மணி வேலையும் அதில் இருந்தன. ஆனால் பல முதலாளிமார் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. 2008இல் நடைமுறைக்கு வந்த சட்டந்தான் பிடியை இறுக்கியது: ஒரு மாதம் கடந்தும் ஒப்பந்தம் எழுதாவிட்டால் இரட்டைச் சம்பளம் கொடுக்கவேண்டும்.

எங்கள் நாட்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்டவேண்டும். தற்காலிகமாகவோ நாட்கூலிக்கோ ஆலையில், கடையில் வேலை செய்பவருக்கும் முதல் நாளிலிருந்தே இது உரியது. கேட்டால் நாளைக்கு வேலை இல்லை என்பார்களோ என்ற பயத்தில் பலர் கேட்பதில்லை. முதலாளி கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வேலை செய்த நாட்களையும் வாங்கிய கூலியையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தால், அங்கு போகும்போது உதவும்.