ஓசூரிலிருந்து முதல் 200 கி.மீ.

பிரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அது பந்தயம் அல்ல. கடைசியில் வந்தாலும் அதே மதிப்புதான்.

ஓசூர்–கிருஷ்ணகிரி சாலையில் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500 அளவில்தான். போகும்போது இறக்கம் வேகம் தரும். சூளகிரி வழியாகத் திரும்பும்போது ஏற்றமும் மதிய வெயிலும் சேர்ந்து கால்களைச் சோர வைக்கும். எனவே முழுப் பலத்தையும் காலையிலேயே செலவழித்துவிடாதீர்கள். தாகத்துக்கு முன்பே தண்ணீர், பசிக்கு முன்பே வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, இடையில் உப்புப் போட்ட மோர்.

லாரிகள் ஓயாத சாலை இது. ஒருவர் பின் ஒருவராகவே செல்லுங்கள். குழி கண்டால் முன்னால் போகிறவர் கைகாட்டட்டும். பின்விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் இல்லாமல் விடியலுக்கு முன் கிளம்பவே வேண்டாம்.