பள்ளிப் பணமும் ஊராட்சியின் பொறுப்பும்

கரிசல் நிலத்து உழவர் வானத்தை நம்பி விதைப்பவர். கோவில்பட்டி வட்டாரத்தில் ஐப்பசி மழை பொய்த்தால் பருத்தியும் உளுந்தும் வாடும்; அதற்காக நாம் எவரிடமும் கணக்குக் கேட்க இயலாது. பள்ளிக்கு வர வேண்டிய பணம் அத்தகையதன்று. அது நாம் செலுத்தும் வரியிலிருந்து வருவது. அது எவ்வாறு வருகிறது, தடைப்பட்டால் நாம் செய்ய வேண்டுவது யாது என்பவற்றை ஊராட்சி அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பள்ளிக்கு உதவுதல் நம் மக்களுக்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அண்டையிலுள்ள எட்டயபுரத்தில்தான். 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் மனமுவந்து பொருள் வழங்கினர். எனினும், ஊராரின் கொடை அரசின் கடமைக்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது.

அக்கடமை யாருடையது? 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. அதற்கான நிதிப் பொறுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டிற்கும் உண்டு என்று அச்சட்டத்தின் 7-ஆவது பிரிவு கூறுகின்றது. 2018-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூறு ரூபாய்க்கு மத்திய அரசின் பங்கு 60, நம் மாநிலத்தின் பங்கு 40.

2024-25-ஆம் ஆண்டில் நமக்குரிய மத்தியப் பங்கு ஏறத்தாழ ரூ. 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்திற்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று அத்தொகை நிறுத்தப்பட்டது. அவ்வொப்பந்தம் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஏற்கச் செய்கிறது என்பது மாநிலத்தின் மறுப்பு. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அவ்வாண்டு அக்டோபரில் கட்டாயக் கல்விச் சட்டத்திற்குரிய ஒரு பகுதி மட்டும் விடுவிக்கப்பட்டது. கொள்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதன் சுமை குழந்தையின் மீது விழுதல் நியாயமாகாது.

பள்ளி நின்ற பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆசிரியர், தொலைவிலிருந்து வரும் மாணவருக்கான பயணப்படி ஆகியன இத்திட்டத்தின் செலவுகளே. தீப்பெட்டித் தொழிலுக்குச் சிறுவரை அனுப்பிய காலத்தை நம் வட்டாரம் மறந்துவிடவில்லை. பள்ளி தளர்ந்தால் அப்பழைய வழி மீண்டும் திறக்கும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுவை உயிர்ப்புடன் நடத்துதல். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அக்குழு வகுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்திற்கு அடிப்படை என்று சட்டம் சொல்வதால், தேவைகளைத் தவறாது எழுதுக. இரண்டாவது, கிராம சபையில் பள்ளியின் வரவையும் நிலுவையையும் படித்துக் காட்டி, உரிய பங்கைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றுக. மூன்றாவது, பணம் வரும்வரை ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்காதபடி வீடுதோறும் சென்று கவனிக்க.

ஒரு மழை தப்பினால் அடுத்த ஆண்டு விதைத்துக்கொள்ளலாம். ஒரு குழந்தை இழந்த பள்ளிப் பருவம் மீண்டும் வாராது.