தறி போக மிஞ்சிய அடுப்படியில் ஒரு மூலை

ஆரணி வட்டாரத்து நெசவாளர் வீட்டில் முதல் இடம் தறிக்கு. கூடத்தில் வெளிச்சம் விழுகிற பக்கம் தறி, அதன் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, ராட்டைக்கும் தார் கூடைக்கும் ஒரு ஓரம். இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் அடுப்படி. முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று எந்த ஊர் நெசவுத் தெருவில் நுழைந்தாலும் பெரும்பாலும் இதே கணக்குதான். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடுகிறவர்கள் இப்போது அந்தச் சின்ன அடுப்படியிலும் மாடுலர் கிச்சன் கேட்கிறார்கள். கேட்கட்டும். எல் வடிவ மேடை திரும்புகிற மூலைக்குக் கீழே என்ன செய்வது என்று வரும்போதுதான் கடைக்காரர் ஒன்று, ஆசாரி ஒன்று, சம்பந்தி வீட்டார் ஒன்று என்று யோசனை குவிகிறது. அவற்றில் பாதிக்குமேல் தேறாது.

"சுழல் தட்டு போட்டுட்டா மூலையில ஒரு இஞ்சுகூட வீணாகாது" என்பது கடைக்காரர் சொல்வது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடையின் அகலம் இரண்டு அடி. சுவரோரம் இரு பக்கமும் மூன்று மூன்று அடி எடுத்துக்கொண்டு, முன்னால் ஒரு சதுர அடியை வெட்டி விட்டால் அலமாரியின் தரைப் பரப்பு 8 சதுர அடி. அதற்குள் 32 அங்குல விட்டத்தில் முக்கால் வட்டத் தட்டு வைத்தால் அதன் பரப்பு சுமார் 4.2 சதுர அடி. 28 அங்குலத் தட்டு என்றால் 3.2 தான். சாதாரணப் பலகைத் தட்டு கிட்டத்தட்ட 8 சதுர அடியையும் பயன்படுத்தும். வட்டத் தட்டு பாதியை விழுங்கிவிடுகிறது. அதனால் சுழல் தட்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குனிந்து, கையை நீட்டித் துழாவாமல் பின்னால் இருக்கிற பருப்பு டப்பா முன்னால் வரும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம். காசு கொடுப்பது அந்த வசதிக்கு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். மூடியில்லாத சின்ன பாட்டில்களை அதில் அடுக்காதீர்கள். ஒன்று உருண்டு பின்னால் விழுந்து சிக்கினால் தட்டு நகராது. எடுக்க அலமாரிக்குள் தலையை விட வேண்டியிருக்கும்.

அதே தட்டில் அரிசி மூட்டையை வைக்கிறவர்களும் உண்டு. அரிசிக்குப் பேர்போன களம்பூர் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே யாரும் அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை, மூட்டைதான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ மூட்டை பரவலானது நினைவிருக்கலாம். அந்த மூட்டை ஒரு ஓரமாக உட்கார்ந்தால் தட்டின் நடுக்கம்பி சாயும், தாங்கி தேயும். ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்; வாங்கும்போது அதைப் படிக்கச் சொல்லுங்கள். போதாததற்கு, சிங்க்கை ஒட்டிய மூலை என்றால் ஈரம் வேறு. ஈரம் ஏறின அரிசியில் வண்டு சீக்கிரம் பெருகும்.

இனி, என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான யோசனை. "சிலிண்டரை மூலையில தள்ளிக் கதவைப் போட்டுட்டா அடுப்படி லட்சணமா இருக்கும்."

வீட்டுச் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. அந்தக் கனத்தைவிடக் கவலைப்பட வேண்டியது வாயுவின் குணத்தைப் பற்றி. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே எழும்பி ஜன்னல் வழியாகக் கலையாது. தண்ணீர் மாதிரி தரையோடு ஓடிப் பள்ளம் தேடும். கதவு மூடிய மூலை அலமாரியில் அப்படியே தேங்கும். காற்றில் 2 சதவீத அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு சுவிட்சின் பொறி போதும். கசிவைக் காட்டிக்கொடுக்கத்தான் நாற்றத்துக்கு மெர்காப்டன் சேர்க்கிறார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் தொடங்கும் கசிவின் நாற்றம் மூக்குக்கு வரத் தாமதமாகும்.

நெசவாளர் வீட்டில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. குழித்தறியில் காலை விட்டு மிதிக்கிற குழி. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே படி வைக்காமல் ஒரே மட்டத்தில் டைல்ஸ் ஒட்டிய வீட்டில், கசிந்த வாயு தரையோடு வந்து இறங்குவதற்கு அந்தக் குழிதான் தோதான இடம். விடியற்காலையில் விளக்கைப் போட்டுத் தறியில் உட்காருகிறவரை நினைத்துப் பாருங்கள். மாடுலர் கிச்சன் விளம்பரப் படத்தில் குழித்தறி கிடையாது, அதனால் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

சிலிண்டர் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்வாக, கதவில்லாத நேர் தட்டில் நிற்கட்டும். கதவு வேண்டும் என்று அடம்பிடித்தால் தரை மட்டத்திலும் மேலேயும் காற்றுத் துளை கட்டாயம். ரெகுலேட்டரை அவசரத்தில் ஒரே எட்டில் மூடக் கை போக வேண்டும். மூலைக்குள் அது நடக்காது. சுரக்ஷா குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, சுவரில் ஓட்டை போட்டு நுழைக்கவும் கூடாது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சிலிண்டரை மூலைக்குத் தள்ளுகிற வீட்டில் பெரும்பாலும் முதலில் நீளுவது அந்தக் குழாய்தான்.

அடுத்தது ஸ்டீல் கூடை. "காந்தம் வச்சுப் பாருங்கக்கா, ஒட்டலேன்னா ஒரிஜினல்" என்பார்கள். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 202 ரகத்திலும் ஒட்டாது. மூலை அலமாரியின் ஈரத்தில் முதலில் துருப்புள்ளி விடுவது 202 தான். காந்தம் ஒட்டும் 430 ரகமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். ஆக, காந்தம் இதில் ஒன்றும் சொல்லாது. ரகத்தின் எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள்.

"710 பிளைவுட் போட்டா தண்ணியும் கரையானும் அண்டாது." ஐ.எஸ். 710 என்ற முத்திரை பொய்யில்லை. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பிரியக்கூடாது என்பது சோதனை. மரத்துக்கு மருந்தும் ஏற்றியிருப்பார்கள். ஆனால் மூலையில் சிங்க் குழாய் போக ஆசாரி ரம்பத்தால் வட்டமாக வெட்டுகிறாரே, அந்த வெட்டுமுனையைப் பூசாமல் விட்டால் ஈரம் அங்கேதான் ஊறும். கரையானும் மருந்து ஏறின பலகையைத் தின்னாவிட்டாலும் அதன்மேல் மண்குழாய் கட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்கோ அட்டைப் பெட்டிக்கோ போய்விடும். மூலைக்கு மட்டும் கடப்பாக் கல் தட்டு போட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. பழைய பாணி என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். அது உப்பாது, அரிக்காது, முன்னால் கதவைப் போட்டால் உள்ளே இருப்பது கல்லா பலகையா என்று வெளியே தெரியவும் போவதில்லை. சுண்ணாம்புக் கல் வகை என்பதால் எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்டால் வெளுக்கும், பட்டவுடனே துடைத்துவிடுங்கள்.

ஈசானி மூலை என்றால் காலியாக விட வேண்டும், கன்னி மூலை என்றால் கனத்தை ஏற்ற வேண்டும் என்பதைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. அண்டா எந்தத் திசையில் இருந்தாலும் தளத்துக்கு ஒரே எடைதான். மனசுக்கு நெருடினால் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், செலவில்லாத வரை.

மிச்சம் இருப்பது எல்லா யோசனைக்கும் அடியில் கிடக்கிற நம்பிக்கை: மூலையை விட்டுவிடக் கூடாது, எதையாவது போட்டே ஆக வேண்டும். நம் வீடுகளில் மூலை ஒரு காலத்தில் அடுக்குப்பானைக்கு உரியது. பிரிமணை மேல் பெரிய பானை, அதன்மேல் அடுத்தது, உச்சியில் கையடக்கமானது. அடிப்பானையைத் திறக்க மேலே உள்ள அத்தனையையும் இறக்க வேண்டும். அதனால் அடியில் எப்போதாவது எடுக்கிற சாமான்தான் போகும். அந்த ஒழுங்கு இன்றைக்கும் பொருந்தும். சீர்வரிசையில் வந்த அண்டா, தவலை, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பெரிய இட்லிக் குண்டான் ஆகியவற்றுக்குத் தட்டும் வேண்டாம், சுழற்சியும் வேண்டாம்; இருட்டு மூலையில் கவிழ்த்து வைத்தால் போதும். அப்படிப் பாத்திரமும் இல்லையென்றால் மூலையை அடைத்துவிட்டு இரு பக்கமும் அகலமான இழுப்பறை போடுவது பல அடுப்படிகளில் லாபம். விலை உயர்ந்த மூலைச் சாதனத்தின் காசுக்கு நல்ல இழுப்பறைகள் வரும், தினமும் திறக்கிறதும் அதைத்தான்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அடுப்படி மூலைக்குப் பின்சுவர் தறிக்கூடமாக இருந்தால், அந்த மூலையைக் கூடத்துப் பக்கமாகத் திறக்கலாம். நாடா, உருளை, எண்ணெய்க் குப்பி, திருப்புளி என்று தறிச் சாமான் அங்கே அடங்கும். பட்டு நூலையும் ஜரிகையையும் மட்டும் அதில் வைக்க வேண்டாம். சிங்க் குழாய் எப்போது கசியும் என்று யாருக்குத் தெரியும், ஈரம் பட்டால் ஜரிகை கறுக்கும். இதைச் சுவர் எழுப்பும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும். பாவு ஏற்றின தறிக்குப் பக்கத்தில் பிறகு சுவரை உடைக்க எந்த நெசவாளரும் விடமாட்டார்.