விலை இறங்காது, ஆள்தான் வரமாட்டான்

அன்புள்ள மருமகனுக்கு,

வாகைக்குளம் பக்கம் அஞ்சு சென்ட் மனை வாங்கலாமா, அந்தப் பழைய அம்பாசிடரை வாங்கிப் போடலாமா, ரெண்டும் உச்ச விலைக்கு வந்துவிட்டதா என்று போனில் கேட்டாய். முப்பது வருஷம் பத்திரம் எழுதியவனுக்குப் பேச்சைவிட எழுத்துதான் வரும்.

நம்ம கடலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கும் சலாபத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது எடுத்தவனுக்கு அப்புறம்தான் தெரியும். 1905-இல் எதிர்க்கரையில், இலங்கை மரிச்சுக்கட்டியில், அதுவரை காணாத அளவு சிப்பி வந்தது. அதைப் பார்த்து மறுவருஷமே லண்டன் கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று 20 வருஷக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பல வருஷம் சலாபமே நடக்கவில்லை. 1912-இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். பின்னால் ஜப்பான் மிகிமோட்டோவின் வளர்ப்பு முத்து வந்து இயற்கை முத்தின் விலையையே உடைத்தது. நம்ம ஊரில் கடைசிச் சலாபம் 1961. பன்னிரண்டு வருஷம் கழித்து இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள்.

லண்டன்காரன் விவரம் இல்லாதவன் அல்ல. போன வருஷ வரவை வைத்து வரப்போகிற இருபது வருஷத்துக்கு விலை போட்டான்.

மனை விஷயத்தில் இந்தத் தப்புக் கணக்கு பத்திர எழுத்தர் மேஜையில்தான் முதலில் தெரியும். கிரயப் பத்திரம் குறையும், கிரய ஒப்பந்தம் கூடும். அட்வான்ஸ் கொடுத்தவன் பதிவுக்கு வராமல் ஒப்பந்தத்தையே அடுத்தவனுக்குக் கைமாற்றுவான். 2005 ஜூலையில் சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் தொடங்கிய சமயம் என் மேஜையில் இதுதான் நடந்தது. 2007-இல் விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் சிக்கியது. கால்வாய் வரவே இல்லை. விலை இறங்கியதா என்பாய். இறங்கவில்லை. சொன்ன விலை சொன்னபடி நின்றது, வாங்கத்தான் ஆளில்லை. ஒருவர் தன் கிரய ஒப்பந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு வருஷம் வந்து போனார். மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது.

இப்போது நிலைமை வேறுதான். 2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையப் புது முனையம், ஆகஸ்டில் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை. இரண்டும் கண்ணெதிரே நிற்கின்றன. ஆனால் புரோக்கர் சொல்கிற விலையிலும் அவை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டன.

கணக்குப் பார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. இருபது லட்ச மனைக்கு 1,80,000 ரூபாய் அலுவலகத்திலேயே போய்விடும். அதைத் திரும்ப எடுக்கவே விலை 9 சதவீதம் ஏற வேண்டும். காலி மனை வாடகையும் தராது. வீடு என்று எடுத்துக்கொண்டாலும், 50 லட்சம் போட்டு மாதம் 12,000 வாடகை வந்தால் வருஷத்துக்கு 1,44,000. மூன்று சதவீதம்கூட இல்லை. மிச்ச லாபம் முழுக்க அடுத்து வாங்குகிறவன் தரவேண்டியது. அவன் யார், எந்தச் சம்பளத்தில் அந்த விலை கொடுப்பான்? இதற்குப் பதில் சொல்லச் சொல்லி உன் புரோக்கரைக் கேள்.

காருக்கு வருகிறேன். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. கிடைப்பது அரிதாகும், விலை ஏறும் என்கிறாய். அதற்கு ஏங்குகிறவர்கள் என் வயசுக்காரர்கள், அதில் ஏறித்தான் கல்யாண மண்டபத்துக்குப் போனோம். எங்களுக்குப் பிறகு யார் ஏங்குவார்கள்? 50 வயது தாண்டிய வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' பதிவு. அதுவரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி.க்கு அலைய வேண்டும். போய்ப் பார்க்கும்போது கதவின் அடித்தகட்டை விரலால் அழுத்து. நம்ம உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் பெயின்ட் அப்பளம்போல் நொறுங்கும். ஓட்ட ஆசையென்றால் தாராளமாக வாங்கு. முதலீடு என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

மனை இப்போது வேண்டாம் என்பது என் கட்சி. குடியிருக்க வீடு என்றால், தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் பார்க்கலாம். எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் தாய்ப்பத்திர நகலும் 30 வருஷ வில்லங்கமும் வாங்கி எனக்கு அனுப்பு. படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா