பின் டயர் தேய்ந்த 911: எப்போது மாற்றுவது, எதை மாற்றுவது?

போர்ஷே 911 காரேராவில் முன் டயர்கள் நன்றாக இருக்கும்போதே பின் டயர்கள் தேய்ந்து நிற்பது சாதாரணம். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வண்டி எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைப் பின் சக்கரங்கள் சுமக்கின்றன. எஞ்சினின் சக்தி முழுவதும், 2019இல் வந்த 992 தலைமுறை காரேராவில் 385 குதிரைத்திறன், அந்த இரண்டு டயர்கள் வழியாகத்தான் ரோட்டுக்கு இறங்குகிறது. முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 295/35 ஆர்20 என்று அளவே வேறாக இருப்பதால், மற்ற கார்களில் செய்வதுபோல முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமாளிக்கவும் முடியாது.

ஆகவே ஒரு நாள் இந்தக் கேள்விகள் வந்தே தீரும். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா? இரண்டு மாற்றினால் போதுமா, நான்கும் வேண்டுமா? கம்பெனி முத்திரை உள்ள அதே டயர்தானா, வேறு போடலாமா? ட்ராக் டயர் போட்டால் பிடிப்பு கூடுமா? நான் 911ஐ எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பி.எம்.டபிள்யூ எம் கார்கள், வி8 மஸ்டாங் என்று பின் சக்கரம் தள்ளுகிற எந்தச் சக்திவாய்ந்த காருக்கும் இதே கணக்குதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் வண்டி எப்படிப் பிடிக்கிறது என்பதை வைத்து டயரை எடை போடாதீர்கள். கனமழையில், தண்ணீர் தேங்கிய ரோட்டில், 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் என்ன ஆகும் என்பதை வைத்து எடை போடுங்கள்.

1.6 மி.மீ. போதுமா?

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கார் டயரின் பட்டன் ஆழம், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம், 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது சட்டம். பள்ளங்களின் அடியில் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் 1.6ஐத் தொட்டாயிற்று என்று பொருள். புது டயரில் இது 7, 8 மி.மீ. இருக்கும்.

காய்ந்த ரோட்டில் தேய்ந்த டயர் நல்ல பெயர் வாங்கிவிடும். உயரமான பட்டன்கள் திருப்பத்தில் லேசாக வளைந்து நெளியும். தேய்ந்து குட்டையாகிவிட்டால் அந்த நெளிவு குறைந்து ஸ்டீயரிங் இன்னும் கூர்மையாகத் தெரியும். அதனால்தான் பலர் 2 மி.மீ. டயரோடு நிம்மதியாக ஓட்டுகிறார்கள். முதல் பெருமழையில்தான் பிரச்சினை வெளியே வரும்.

மழையில் டயருக்கு இரண்டு வேலை. தண்ணீரைப் பள்ளங்கள் வழியாக வெளியே தள்ள வேண்டும், பிறகு ரோட்டைப் பிடிக்க வேண்டும். முதல் வேலை முடியாவிட்டால் இரண்டாவது நடக்காது. டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹோர்ன் என்ற பொறியாளர் 1960களில் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து இதற்கு ஒரு கணக்கு சொன்னார். டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்பதால் பெருக்கினால், முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் வரும். 36 பி.எஸ்.ஐ. என்றால் வர்க்கமூலம் 6, வேகம் 54 நாட், அதாவது மணிக்கு 100 கி.மீ. காற்று இறங்கி 25 ஆகிவிட்டால் 45 நாட், அதாவது 83 கி.மீ.

இந்தக் கணக்கு பொருந்துவது, தேங்கிய தண்ணீர் பட்டன் ஆழத்தைவிட உயரமாக நிற்கும்போதுதான். பட்டன் 7 மி.மீ. இருந்தால் அப்படி ஒரு நிலைமை அபூர்வம். 2 மி.மீ. இருந்தால் ஒவ்வொரு மழையிலும் வரும். தேய்மானம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் இருக்கிறது. கணக்கில் வண்டியின் எடை வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். கனமான வண்டி, அது ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. அகலமான டயருக்கு நிலைமை இன்னும் மோசம். 295 மி.மீ. அகலத்தில் தண்ணீர் பக்கவாட்டில் வெளியேற அதிக தூரம் போக வேண்டும், ஆகவே ஹோர்ன் சொன்ன வேகத்துக்கு முன்பே அது மிதக்கலாம்.

என் கணக்கில் சாலை ஓட்டத்துக்கு 3 மி.மீ.தான் கடைசி. மழை அதிகமான இடம் என்றால் அதுகூட வேண்டாம், பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. பின் சக்கரங்களின் மேல் பக்கம் உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். அதனால் டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் வெளிவிளிம்பில் 4 மி.மீ. அழகாகத் தெரியும். உள்ளே பட்டனே இல்லாமல் வழுவழுவென்று இருக்கலாம், சில வண்டிகளில் கம்பிகூட எட்டிப் பார்க்கும். லிஃப்டில் ஏற்றுங்கள். முடியாவிட்டால் வண்டி ஆறிய பிறகு, எஞ்சினை அணைத்துவிட்டு, டயரின் பின்பக்கமாகக் கையை விட்டு உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஆழமானியை வெளி, நடு, உள் என்று மூன்று இடத்தில் வைத்து, குறைந்த எண்ணையே டயரின் ஆழமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியும் தன் பங்குக்குச் சொல்லும். முன்பெல்லாம் ஈரத்தில் இரண்டாம் கியரில் அமைதியாகப் போன இடத்தில் இப்போது சறுக்கல் தடுப்பு விளக்கு கண்சிமிட்டத் தொடங்கினால், பின் டயரைப் பாருங்கள். 992இல் முன் சக்கர வளைவுக்குள் ஒலி உணரிகள் இருக்கின்றன. டயர் வாரி அடிக்கும் தண்ணீரின் சத்தத்தை வைத்து ரோடு நனைந்திருப்பதை அறிந்து, மழைக்கான ஓட்ட முறைக்கு மாறும்படி ஓட்டுநரை எச்சரிக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லாத பிடிப்பை உண்டாக்காது. எஞ்சின் சக்தியைக் குறைக்கும், ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும், அவ்வளவுதான். நான்கு டயரும் தண்ணீர்மேல் மிதக்கும்போது பிரேக் பிடித்து என்ன பயன்?

பட்டன் இருக்கிறது, வயதும் ஆகிவிட்டது

ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிகம் ஓடுவதில்லை. ஷெட்டில் நிற்கும் வண்டியின் டயர் தேயாது, ஆனால் ரப்பர் இறுகிவிடும். 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணித்த போர்ஷே காரேரா ஜி.டி. விபத்துக்குள்ளாகி, அவரும் ஓட்டியவரும் இறந்தார்கள். மணிக்கு 45 மைல் எல்லை உள்ள இடத்தில் 80 முதல் 93 மைல் வேகத்தில் வண்டி போனது என்றும், வேகம்தான் காரணம் என்றும் விசாரணை முடிவு சொன்னது. அந்த டயர்களுக்கு ஒன்பது ஆண்டுகளுக்குமேல் வயதாகியிருந்ததையும், அதனால் வண்டியின் கையாளும் தன்மை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் விசாரணையாளர்கள் பதிவு செய்தார்கள். 600 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத கார் அது.

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்து ஆண்டு ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டும் என்கிறது மிஷெலின். சக்திவாய்ந்த காருக்கு நான் ஆறு ஆண்டிலேயே நிறுத்திக்கொள்வேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள், “டயர் புதுசு மாதிரி இருக்கு சார்” என்று விற்பவர் சொன்னால் முதலில் இந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள்.

இரண்டா, நான்கா?

ஒரே அச்சில் ஒன்றை மட்டும் மாற்றுவது கிடையாது. இடமும் வலமும் சேர்ந்தே மாற வேண்டும். முன் டயரில் 4 மி.மீ.க்கு மேல் இருக்கிறது, வயதும் குறைவு, அதே மாடல் டயர் பின்னுக்கும் கிடைக்கிறது என்றால் பின்னால் இரண்டை மட்டும் மாற்றலாம். பின்னுக்கு ஏன் முதலிடம்? முன் பிடிப்பு குறைந்தால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின் பிடிப்பு விட்டால் பின்பக்கம் விசிறிக்கொண்டு முன்னால் வரும். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் இன்னும் வேகமாக விசிறும். பின்னால் எஞ்சின் உள்ள 911இல் இது கூடுதல் ஆபத்து. ஆகவே பணம் குறைவு என்றால் அதைப் பின்னால் செலவிடுங்கள். அதே மாடல் கிடைக்காவிட்டால் நான்கையும் மாற்றுவதுதான் சரி. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் இன்னொரு கம்பெனி என்ற கலவையை இந்தச் சக்தி உள்ள வண்டியில் நான் ஏற்கமாட்டேன்.

முத்திரை உள்ளதா, இல்லாததா?

போர்ஷேவுக்காகச் செய்த டயரின் பக்கத்தில் என்-0, என்-1 என்று இருக்கும். பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ. வெளியே அதே பெயர், அதே பட்டன் வடிவம் என்றாலும், அந்தக் காரின் எடைப் பகிர்வுக்கு ஏற்ப உள்கட்டமைப்பையும் ரப்பர் கலவையையும் மாற்றியிருப்பார்கள். பின் எஞ்சின் காருக்கு இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கது. வாரண்டி உள்ள வண்டி என்றாலோ, இரண்டை மட்டும் மாற்றுவதென்றாலோ முத்திரை உள்ளதையே வாங்குங்கள். வாரண்டி முடிந்து, நான்கையும் மாற்றுவதென்றால் முத்திரை இல்லாத நல்ல கம்பெனி டயர் போதும். அளவு, சுமை எண், வேகக் குறியீடு மூன்றும் பொருந்த வேண்டும். ஒய் என்றால் 300 கி.மீ. வரை, டபிள்யூ 270, வி 240. ஒய் இருந்த இடத்தில் வி போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

சாலை டயரா, ட்ராக் டயரா?

சாலை டயராக மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் ஒரு பக்கம், ட்ராக் டயராக பைலட் ஸ்போர்ட் கப் 2 இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தேய்மான எண் முதலாவதுக்கு 300, இரண்டாவதுக்குப் பல அளவுகளில் 180. டெக்சாஸில் சான் ஏஞ்சலோ பக்கத்துச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் எண் இது. எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு என்று பொதுவாகச் சொல்லலாம்.

பிடிப்பு அதிகம் என்ற வார்த்தையில்தான் பலர் மயங்குகிறார்கள். கப் 2இன் வெளித்தோளில் பள்ளமே அதிகம் இல்லை. நன்றாகச் சூடேறி, காய்ந்த ட்ராக்கில் திரும்பும்போது அது அபாரம். அதே டயர் அதிகாலையில் குளிர்ந்த நிலையில், ஈர ரோட்டில், புதிதாக இருக்கும்போதே எச்சரிக்கையோடு ஓட்ட வேண்டியது. பாதி தேய்ந்த கப் 2ஐ மழையில் எடுப்பதைவிட வண்டியை வீட்டிலேயே விடலாம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ட்ராக் நாட்களுக்குப் போகிறவர் என்றால் தனி ரிம்மில் கப் 2 வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செட்தான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் சாலை டயர். பைலட் ஸ்போர்ட் 4எஸ், பிரெல்லி பி ஸீரோ, கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7 ஆகிய மூன்றில் உங்கள் அளவில் எது புதிய தேதியோடு கிடைக்கிறதோ அது. ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் ஈரப் பிடிப்பு எழுத்தைப் பாருங்கள், ஏ முதல் இ வரை. ஏ இல்லாததை இந்தக் காருக்கு வாங்க வேண்டாம்.

டொராண்டோ, லண்டன், பெர்லின் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 7 டிகிரிக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும், பட்டன் முழுதாக இருந்தாலும். குளிர்காலத்திலும் அந்த வண்டியை எடுப்பீர்கள் என்றால் குளிர்கால டயர் ஒரு செட் தனியாக வேண்டும். ஜெர்மனியில் பனி, உறைந்த ரோடு என்றால் மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரை உள்ள டயர் சட்டப்படி கட்டாயம்.

செகண்ட் ஹேண்ட் டயர்

வேண்டாம். உள்ளே என்ன அடிபட்டிருக்கிறது, எத்தனை முறை காற்றில்லாமல் ஓடியது என்று வெளியிலிருந்து தெரியாது. 911 வாங்க முடிந்தவர் இங்கே மிச்சம் பிடிப்பதில் நியாயமே இல்லை.

புது டயர் மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். உள்விளிம்பு தேய்ந்த காரணம் அப்படியே இருந்தால் புதியதும் அதேபோல் போகும். முதல் 200 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், மேல்பரப்பின் வழுவழுப்பு போய்ப் பிடிப்பு வர அவ்வளவு தேவை. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.

கடைசியாக, இந்தியாவில் உள்ளவர்களுக்கு. 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 295/35 ஆர்20 போன்ற அளவுகள் கேட்டவுடன் கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகஸ்டிலேயே உள்விளிம்பை அளந்து பார்த்து, 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ஆர்டர் போட்டுவிடுங்கள். டயர் வந்து சேர்வதற்குள் மழை வந்துவிட்டால், அன்றைக்கு வேறு வண்டியில் போங்கள்.