பழைய வீடியோ கேம் பெட்டிக்கு எந்த அடாப்டர்?

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் பசுமலைக்கு வந்திருந்தான். வயது ஒன்பது. மொபைலில் கேம் ஆடி அலுத்துப்போன ஒரு மதியம், பரணில் கிடந்த என் பழைய டிவி வீடியோ கேமைக் கண்டுபிடித்துக் கீழே இறக்கிவிட்டான். "மாமா, இதை ஓட்டிக் காட்டுங்க!" பெட்டி நன்றாகவே இருந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரு மஞ்சள் கேசட்டும்கூட இருந்தன. எலிமினேட்டர் ஒயரைத்தான் எலி கடித்து வைத்திருந்தது.

புதிதாக ஒரு அடாப்டர் வாங்கிச் சொருகினால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. 2017-ல், ஹாஸ்டலில் நண்பன் ஒருவன் ஊரிலிருந்து இதே மாதிரி 8-பிட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அடாப்டரை வீட்டிலேயே மறந்துவிட்டான். நான் என்ஜினீயரிங் மாணவன் அல்லவா! ரூட்டரின் அடாப்டரைப் பிடுங்கி அதில் சொருகினேன். பின் கச்சிதமாகப் பொருந்தியது. 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. அந்தப் பெட்டி அதோடு சரி. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பின் பொருந்துகிறது என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: பின் பொருந்துகிறது. மின்சாரம் பொருந்துகிறதா என்பது வேறு விஷயம். வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரூட்டர், ஸ்பீக்கர், வெளி ஹார்டு டிஸ்க் என்று மேஜைக்குப் பின்னால் நாலைந்து கறுப்பு அடாப்டர்கள் சேர்ந்துவிடும். எல்லாவற்றின் பின்னும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

லேபிளில் என்ன பார்ப்பது?

முதலில் பெட்டியின் அடியிலும் பவர் ஜாக்கின் அருகிலும் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். நான்கு விவரங்கள் வேண்டும்: ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், நடு முனை பிளஸ்ஸா மைனஸா.

ஏசி, டிசி விஷயத்தில் ஏமாறுவது சுலபம். 1983-ல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர் வேண்டும். அதே நின்டெண்டோ அமெரிக்காவில் விற்ற என்இஎஸ் பெட்டியின் அடாப்டரோ 9 வோல்ட் ஏசி வெளியிடுகிறது! இரண்டின் பின்னும் ஒன்றில் ஒன்று நுழையும். அமெரிக்க அடாப்டரை ஃபேமிகாமில் சொருகினால் பெட்டி கெட்டுப்போகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியானால் இன்னொன்றையும் பாருங்கள். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் அவற்றை நேராகச் சொருகவே கூடாது.

ஆம்பியரைப் பற்றிப் பலருக்கும் ஒரு வீண் பயம் உண்டு. 850 மில்லி ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் புகைந்துவிடுமோ என்று கேட்பார்கள். புகையாது. பெட்டி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். நாலு பேர் உள்ள வீட்டில் ஆறு பேருக்குச் சோறு வடித்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆறு பேர் வீட்டில் நாலு பேருக்கு வடித்தால்தான் சண்டை. 300 மில்லி ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் அது சூடாகும், திரை நடுங்கும், கேம் பாதியில் நிற்கும்.

வோல்ட் அப்படி அல்ல. இந்தப் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று இருக்கும். உள்ளே வருவதை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது அதன் வேலை. மிச்சத்தை வெப்பமாக்கி வெளியே விடும். பெட்டி அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 9 வோல்ட் கொடுத்தால் மிச்சம் 4 வோல்ட், வெப்பம் 2 வாட். 12 வோல்ட் கொடுத்தால் மிச்சம் 7 வோல்ட், வெப்பம் 3.5 வாட். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மதுரை வெயிலில் அது வெகுநாள் தாங்காது. 5 வோல்ட் மொபைல் சார்ஜரும் உதவாது. 7805-க்குக் குறைந்தது 7 வோல்ட்டாவது வேண்டும். ஆனால் இப்போது கடைகளில் வரும் புதிய நகல் பெட்டிகள் சில, யுஎஸ்பி வழியாக 5 வோல்ட்டிலேயே ஓடுகின்றன. அவற்றுக்கு 9 வோல்ட் கொடுத்தால் நான் ஹாஸ்டலில் கேட்ட சத்தத்தை நீங்களும் கேட்கலாம்.

டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய எலிமினேட்டரில் ஒரு தந்திரம் உண்டு. '9 வோல்ட்' என்று எழுதியிருந்தாலும் சும்மா இருக்கும்போது மல்டிமீட்டர் 12, 13 என்று காட்டும். பெட்டியை மாட்டியதும் இறங்கிவிடும். '12 வோல்ட்' எலிமினேட்டர் இப்படியே 16-ஐத் தாண்டும். 16 வோல்ட் கெபாசிட்டர் வைத்த பெட்டியில் அதைச் சொருகுவது சூதாட்டம். புதிதாக வாங்குவதானால் எடை குறைந்த எஸ்எம்பிஎஸ் வகையே மேல். 9 என்றால் 9-தான் தரும்.

லேபிள் அழிந்திருந்தால்?

என் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ உரிந்துபோயிருந்தது. நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியைத் திறக்காமலே பார்க்கலாம். டிவிக்குப் போகும் மஞ்சள், சிவப்பு அல்லது வெள்ளை ஒயர் சொருகும் ஏவி ஜாக்கின் வெளி வளையம்தான் பெட்டியின் கிரவுண்ட், அதாவது மைனஸ். எந்த ஒயரும் மாட்டாமல், மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் நிலையில் வையுங்கள். ஒரு கம்பியை அந்த வளையத்திலும், மற்றொன்றைப் பவர் ஜாக்கின் நடு முனையிலும் தொடுங்கள். சத்தம் வந்தால் நடு முனை மைனஸ். வராவிட்டால் ஜாக்கின் உள்பக்கச் சுவரில் உள்ள தகட்டைத் தொட்டுப் பாருங்கள். அங்கே சத்தம் வந்தால் நடு முனை பிளஸ். இரண்டிலுமே வரவில்லையா? நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

எனக்கு நடு முனையில் சத்தம் வந்தது. ஃபேமிகாமும் இப்படித்தான், அதைப் பார்த்துச் செய்த நகல்களில் பலவும் இப்படித்தான். ஆனால் கம்பெனியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சேகா மெகா டிரைவின் முதல் மாடலில் நடு முனை மைனஸ், இரண்டாவது மாடலில் பிளஸ்! பிறகு நான்கு ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்த்தேன். 7805 இருந்தது. ஆகவே 9 வோல்ட்.

இதைத் தெரிந்துகொண்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். முதல் கடையில் 12 வோல்ட் சிசிடிவி அடாப்டரை நீட்டினார்கள். "எல்லாத்துக்கும் இதுதான் தம்பி போகுது. தைரியமா மாட்டுங்க." அடுத்த கடையில் 9 வோல்ட் இருந்தது. லேபிளில் உள்ள சின்னப் படத்தைப் பார்த்தால் நடுப் புள்ளியிலிருந்து போகும் கோடு பிளஸ்ஸில் முடிகிறது. ரூட்டர், சிசிடிவிக்காக விற்பவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மூன்றாவது கடையில் 3 முதல் 12 வோல்ட் வரை சுவிட்சைத் தள்ளி மாற்றும் ஆல்-இன்-ஒன். ஒன்பது வயதுப் பையன் உள்ள வீட்டில் அந்தச் சுவிட்ச் எத்தனை நாள் 9-லேயே நிற்கும்?

கடைசியில் யோசனை வந்தது இசைக்கருவி விற்கும் கடையில். எலக்ட்ரிக் கிடாருக்கு வைக்கும் எஃபெக்ட் பெடல்களுக்குப் பொதுவாக வேண்டியது 9 வோல்ட் டிசி, நடு முனை மைனஸ், அதே 5.5க்கு 2.1 மில்லிமீட்டர் பின். 1 ஆம்பியரில் ஒன்று கேட்டு வாங்கினேன். ஒயரை வெட்டித் திருப்பி ஒட்டும் வேலையே இல்லை.

விலையைவிட முக்கியம்

பெட்டியின் மைனஸ், ஏவி ஒயரின் வெளி உலோகம், கேசட்டின் கிரவுண்ட் பற்கள் எல்லாம் ஒரே கோடு. அது நேராக அடாப்டருக்குப் போகிறது. சுவரில் உள்ள 230 வோல்ட்டுக்கும் கேசட்டை ஊதிச் சொருகும் பையனின் கைக்கும் நடுவே இருப்பது அடாப்டருக்குள் உள்ள காப்பு ஒன்றுதான். மட்டமான அடாப்டரில் மிச்சம் பிடிப்பது அங்கேதான். ஆகவே பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால், யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். லேபிளில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் வேறு வேறானால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏவி பின்னைத் தொடும்போது 'சுரீர்' என்று அடித்தால், மெயின் சுவிட்சை அணைத்து அந்த அடாப்டரைக் கழற்றித் தூர எறியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், பெட்டியில் மாட்டும் முன் ஒரு கடைசிச் சோதனை. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பை வெளிப்புறத்திலும் தொட்டேன். இரண்டும் ஒன்றையொன்று உரசக் கூடாது, கவனம். மைனஸ் 9.1 என்று காட்டியது. அந்த மைனஸ்தான் நமக்கு வேண்டியது.

ஆன் செய்து, அரை மணி நேரம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்திருப்பேன். மருமகன் அதற்குள் காண்ட்ராவில் அருவி ஸ்டேஜுக்கு வந்து, மூன்றாவது முறையாக விழுந்துகொண்டிருந்தான்.