கத்திரியில் மரத்தடிக்குப் போகும் நேரம்

சித்திரை 21 வாக்கில் தொடங்கும் கத்திரி, வைகாசி 14 வரை நிற்கும். அதுவரை நடைப்பயிற்சி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். தஞ்சையில் சிவகங்கைப் பூங்காவானாலும் தமிழ்ப் பல்கலைக்கழக வளாகமானாலும் இதே கணக்குதான்.

காரணம் வெயில் மட்டுமில்லை. மரங்கள் எளிதில் ஆவியாகும் பொருள்களைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. எலுமிச்சை இலையைக் கிள்ளினால் மூக்கில் ஏறுகிறதே, அது டெர்பீன் வகை. இரவிலும் கசியும். இரவுக் காற்று அசையாமல் தரையோடு படுத்துக் கிடப்பதால், கசிந்தது கலையாமல் மரத்தடியிலேயே தங்கிவிடுகிறது. வேப்பம்பூ இன்னும் உதிரும் தெருவில் விடியலில் நடந்து பாருங்கள், பூவின் வாசமும் அப்படித்தான் தங்கி நிற்கும். கையோடு ஒரு வேட்டியை விரித்து வைத்தால் ரசத்துக்குப் பூவும் ஆச்சு.

ஐசோபிரீன் என்று இன்னொன்று உண்டு. மரத்தடியில் நிற்கும் நமக்கு அதன் வாசம் தெரியாது. வெளிச்சமும் சூடும் ஏற ஏற அதுவும் ஏறும், இருட்டினால் நின்றுபோகும். மதிய வெயிலில் இந்த ஆவிகளோடு வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் சேர்ந்தால் ஓசோன் உண்டாகிறது. வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையோரத்தில் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்; நெல் மகசூலையும் குறைக்கும். அதனால் பகல் 12 முதல் 4 வரை, வண்டி நெருக்கமான சாலையோரத்தில், நிழல் இருக்கிறதே என்று பிள்ளைகளை ஓடியாட விடாதீர்கள். இழுப்பு உள்ளவர்கள் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. மற்றவர்கள் நிழலில் ஒதுங்கி இளைப்பாறலாம். பழியை மரத்தின் மேல் போடாதீர்கள். புகை இல்லாவிட்டால் இத்தனை ஓசோன் ஏது?

மர வாசத்தை மருந்தென்று விற்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். மரங்கள் விடும் இப்பொருள்களுக்கு ‘ஃபைட்டான்சைடு’ என்று 1928-ல் ரஷ்ய அறிஞர் போரிஸ் டோக்கின் பெயர் வைத்தார். காட்டில் உலாவி இளைப்பாறுவதை 1982-ல் ஜப்பான் வனத்துறை ‘வனக்குளியல்’ என்றது. அங்கே ஆராய்ந்ததெல்லாம் பெரும்பாலும் ஹினோக்கி போன்ற ஊசியிலை மரங்களை. அந்தக் கணக்கை நம் வேம்புக்கும் புங்கைக்கும் அப்படியே ஒட்டக் கூடாது. மரத்தடியில் நடந்தால் மனசு லேசாகிறது, அது போதாதா?

கூட்டிய சருகை மட்டும் எரிக்காதீர்கள். விடியலில் கிடைக்கும் நல்ல காற்றை, பெருக்கியவுடன் தீ வைத்து நாமே கெடுத்துக்கொள்கிறோம். எருக்குழியில் தள்ளுங்கள், இல்லையென்றால் கன்றுகளின் தூரில் மூடாக்காகப் பரப்புங்கள்.

கஜா புயல் 2018 நவம்பரில் மரங்களைச் சாய்த்துப் போன இடங்கள் இன்னும் வெறுமையாகக் கிடந்தால், குழியை இப்போதே வெட்டி ஆறவிடுங்கள். யூகலிப்டஸும் மூங்கிலும் ஐசோபிரீனைத் தாராளமாக விடுபவை, தெருவோரத்துக்கு வேண்டாம். வேம்பும் மகிழமும் வைக்கலாம். நடவு ஐப்பசி மழைக்கு. ஏற்கெனவே நட்ட கன்றுகளுக்கு, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 கழிந்து கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வரும்வரை, பொழுது சாய்ந்ததும் ஆளுக்கு ஒரு குடம் ஊற்றிவிடுங்கள்.